தேடுபொறியும் பதர் நீக்கலும்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் அமைந்தது துவாஸ். இந்நாட்டின் முதற் கடல்நீர் குடிநீராக்கும் ஆலை 2005-ஆம் ஆண்டில் அங்கேதான் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 30 மில்லியன் கேலன் நீரைத் தரும் ஆற்றலுடையது அவ்வாலை. உப்பும் மாசும் கலந்த கடல்நீர் மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தப்படுகிறது. நீர் ஒருபுறமும் உப்பு மறுபுறமுமாகப் பிரிகின்றன. அதே துவாசின் கரையில் வேறொன்றும் கடலிலிருந்து ஏறுகிறது. சென்னையையும் துவாசையும் இணைக்கும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் 2002-ஆம் ஆண்டில் அமைந்தது. இத்தகைய வடங்களின் வழியே வருவன சொற்கள், கோடானுகோடிச் சொற்கள். அவற்றுள்ளும் குடிக்கத் தக்கன உண்டு, தகாதன உண்டு. நீரை வடிகட்டும் முறையை அரசு அமைத்தது. சொற்களை வடிகட்டுபவர் யார்? எவ்வாறு வடிகட்டுகின்றனர்? வடிகட்டப்படுவதில் தமிழின் நிலை யாது? இவற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதர் என்பது யாது?

இணையம் என்னும் அழகிய சொல்லைத் தமிழுக்குத் தந்தவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி என்பர். அவ்விணையத்தில் வேண்டாது வந்து குவியும் பொருளுக்கு உலகம் வைத்த பெயர் 'ஸ்பேம்' என்பது. தகரப் பேழையில் அடைத்து விற்கப்பெறும் ஒருவகை இறைச்சியின் வணிகப் பெயர் அது. 1937-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1970-இல் ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவை ஒன்றில், உணவுக்கடையின் எல்லாப் பண்டங்களிலும் அவ்விறைச்சியே கலந்திருப்பதாகவும், வேண்டா என்றவர்க்கும் அதுவே பரிமாறப்படுவதாகவும் காட்டினர். அதிலிருந்தே அப்பெயர் வேண்டாத செய்திகளுக்கு வழங்கலாயிற்று.

தமிழில் இதனை 'எரிதம்' என ஆக்கிக்கொண்டாரும் உளர். எனினும், தேடலிற் கலக்கும் போலிக்குப் 'பதர்' என்னும் பழஞ்சொல்லே மிகவும் பொருந்தும். களை வேறு, பதர் வேறு. களையைப் பார்த்த அளவிலே பயிரன்று எனக் கண்டுகொள்ளலாம். பதரோ நெல்லின் உருவத்தையே உடையது. உமியும் உண்டு, முனையும் உண்டு. உள்ளே அரிசி மட்டும் இல்லை. தேடுபொறியை ஏமாற்றி முன்வரிசையில் நிற்பதற்கென்றே ஆக்கப்பட்ட பக்கமும் அத்தகையதே. தலைப்பு இருக்கும், பத்திகள் இருக்கும், படமும் இருக்கும். படிப்பவர்க்குப் பயன்படும் பொருள் இராது.

சொல்லடைவும் சொல் திணிப்பும்

தேடுபொறி செய்யும் வேலை மூன்று. முதலாவது, இணையப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று படித்தல். இரண்டாவது, அவற்றுக்கு அடைவு செய்தல். தமிழாசிரியர்கள் சங்க நூல்களுக்குரிய சொல்லடைவினை அறிவர்; ஒரு சொல் எவ்வெப் பாட்டில் எவ்வடியில் வருகிறது என அது காட்டும். கூகுள் நிறுவனம் வைத்திருப்பதும் ஒருவகைச் சொல்லடைவே. ஆயின் அது பல நூறு பில்லியன் பக்கங்களுக்கு உரியது. மூன்றாவது வேலையே அருமையானது. ஒரு சொல்லுக்கு ஆயிரமாயிரம் பக்கங்கள் கிடைக்கும்போது, எதனை முதலில் காட்டுவது என்று வரிசைப்படுத்தல் வேண்டும். படிப்பவருள் பெரும்பாலோர் முதற் பக்கத்தைக் கடந்து செல்வதில்லை. ஆதலின் முதல்வரிசை பொருள் ஈட்டும் இடமாயிற்று. பொருள் உள்ள இடத்திற்குப் போலியும் வந்து சேர்ந்தது.

தொடக்க காலத் தேடுபொறிகள் பக்கத்தில் உள்ள சொற்களையும், அப்பக்கம் தன்னைப்பற்றித் தானே எழுதி வைத்த குறிப்புச் சொற்களையும் பெரிதும் நம்பின. இதனை அறிந்தவர்கள் வேண்டிய சொல்லையே நூறுமுறை திரும்பத் திரும்ப எழுதினர். வெண்ணிறப் பக்கத்தில் வெண்ணிற எழுத்தால் எழுதியவரும் உண்டு. மனிதர் கண்ணுக்கு அது தெரியாது. பொறியின் கண்ணுக்கோ தெரியும்.

நன்னூல் கண்ட நெறி

இவ்விடத்தில் நமக்கு நன்னூல் நினைவுக்கு வரும். அரிய நூலை ஆக்கியவனாயினும் அவன் தன்னைத்தான் புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்பது அதன் பாயிரம் கூறும் நெறி. சிறப்புப்பாயிரம் தருதற்கு உரியவர் பிறரே. அப்பிறரும் யாரேனும் ஒருவர் அல்லர்: நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு கற்றோன், அவன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் என்னும் நால்வகையினர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பது மரபு.

இந்நெறியின் உட்கருத்து இரண்டு. தன்னைப்பற்றித் தான் சொல்வது சான்றாகாது என்பது ஒன்று. பிறர் சொல்வது சான்றாகும். ஆனால் சொல்லும் பிறர் தகுதியுடையவராதல் வேண்டும் என்பது மற்றொன்று.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் கண்டதும் ஏறத்தாழ இதுவே. 1998-இல் அவர்கள் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தை இணைப்பினால் சுட்டுமாயின், அதனை ஒரு நற்சான்றாகக் கொள்ளலாம் என்றனர். ஆயினும் எல்லாச் சான்றும் ஒரே எடையுடையன அல்ல. பலரால் மதிக்கப்பெறும் பக்கம் தரும் சான்று கனமானது. எவராலும் சுட்டப்படாத பக்கம் தரும் சான்று இலேசானது. ஒரு பக்கம் பத்துப் பக்கங்களைச் சுட்டினால் அதன் மதிப்புப் பத்தாகப் பகிர்ந்து செல்லும். கண்டதையெல்லாம் புகழ்பவன் புகழ்ச்சிக்கு விலை குறைவன்றோ? இக்கணக்கினைப் பக்கங்கள் அனைத்திற்கும் மீண்டும் மீண்டும் செய்து ஒவ்வொன்றன் மதிப்பையும் நிலைப்படுத்தினர். தன்புகழ்ச்சியை நம்பிய பொறிகள் பின்தங்கின. பிறர் சான்றினைக் கொண்ட பொறி முன்னேறியது.

விலைக்கு வந்த பாயிரம்

ஆனால் பாயிரமே விலைக்குக் கிடைக்குமானால்? அதுவும் நிகழ்ந்தது. இணைப்புகளை விற்கும் வணிகம் தோன்றியது. ஒருவரே நூறு போலித் தளங்களை அமைத்து ஒன்றையொன்று புகழச் செய்தனர். பிறர் தளங்களின் கருத்துரைப் பகுதிகளிலே தங்கள் இணைப்புகளைக் கொட்டினர். இதனைத் தடுக்கும் பொருட்டு, 2005 சனவரியில் கூகுள் முதலிய தேடுபொறி நிறுவனங்கள் ஒரு குறியீட்டை ஏற்றுக்கொண்டன. அக்குறி இடப்பட்ட இணைப்பு நற்சான்றாக எண்ணப்படாது என்பது அன்றைய ஏற்பாடு.

பெரிய நிறுவனங்களும் இக்குற்றத்திற்கு விலக்கல்ல. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ கார் நிறுவனத்தின் செருமானியத் தளத்தைக் கூகுள் தன் அடைவிலிருந்து நீக்கியது. பொறிக்கு ஒரு பக்கத்தையும் வருபவர்க்கு வேறொரு பக்கத்தையும் காட்டியதே காரணம். 2011 பிப்ரவரியில் அமெரிக்கக் கடைநிறுவனமாகிய ஜே.சி. பென்னிக்கு ஆதரவாக, தொடர்பே இல்லாத பற்பல தளங்களில் இணைப்புகள் இடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. அதன்பின் கூகுள் அக்கடையை வரிசையில் கீழே தள்ளியது. இவ்விரண்டும் மனிதர் கையாலே செய்த களைவுகள். பக்கங்களோ கோடிக்கணக்கானவை; நாள்தோறும் வரும் வினாக்களில் 15 விழுக்காடு முன்பு கேட்கப்படாதவை என அந்நிறுவனமே கூறுகிறது. ஆதலின் கையால் பொறுக்கி மாளாது. முறத்தால் புடைத்தாக வேண்டும்.

அம்முறங்களுள் இரண்டு குறிப்பிடத் தக்கன. 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்னும் மாற்றம் வந்தது. பிறர் எழுத்தைத் திருடியும், ஆழமின்றி எழுதியும் பக்கங்களை ஆலைச் சரக்குப்போல் பெருக்கிய தளங்களை அது தாழ்த்தியது. முதலில் அமெரிக்காவிற்கும், பின்னர் ஏப்ரலில் உலகெங்கும் உள்ள ஆங்கிலத் தேடலுக்கும் வந்தது. ஆகஸ்டில் சீனம், சப்பானியம், கொரியம் நீங்கலாகப் பெரும்பாலான மொழிகளுக்கும் விரிந்தது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்' வந்தது. விலைக்கு வாங்கிய பாயிரங்களைக் கண்டறிவது அதன் தொழில்.

கற்கும் பொறி

2018-ஆம் ஆண்டுமுதல் 'ஸ்பேம்பிரெய்ன்' என்னும் அமைப்பு இயங்குகிறது. இஃது எழுதி வைத்த விதிகளை மட்டும் கொண்டு தீர்ப்பதன்று. இது நெல், இது பதர் என முன்னரே குறிக்கப்பட்ட எண்ணற்ற சான்றுகளைக் கண்டு தானே வேறுபாடு கற்பது. 2020-ஆம் ஆண்டில் நாள்தோறும் 4,000 கோடி பதர்ப் பக்கங்களைக் கண்டதாகக் கூகுள் அறிவித்தது. 2022-இல் அவ்வமைப்பு முந்திய ஆண்டைவிட 5 மடங்கும், 2018-ஐவிட 200 மடங்கும் மிகுதியான பதர்த் தளங்களைக் கண்டறிந்ததாம்.

2024 மார்ச்சில் மூன்று செயல்களைக் குற்றமென வகுத்தனர். பொறியாலோ ஆளாலோ பயனற்ற பக்கங்களைப் பெருந்தொகையாக ஆக்கிக் குவித்தல் ஒன்று. உரிமை காலாவதியான பழைய முகவரியை வாங்கி, அதன் நற்பெயரில் போலிச் சரக்கை ஏற்றுதல் மற்றொன்று. பெயர்பெற்ற தளம் தன் ஓரிடத்தைப் பிறர்க்கு விட்டு, அவர்கள் தன் புகழைக் கொண்டு வணிகம் செய்ய விடுதல் மூன்றாவது. இம்மாற்றங்களால் தரமற்ற, சொந்தமில்லாத உள்ளடக்கம் தேடலில் 45 விழுக்காடு குறைந்தது என்று அந்நிறுவனம் பின்னர்க் கூறியது.

இவ்வெண்கள் யாவும் அந்நிறுவனம் தன்னைப்பற்றித் தானே சொன்னவை என்பதை மறத்தலாகாது. நன்னூல் நெறி இங்கும் பொருந்தும். பிறர் சான்று யாது எனின், செருமானிய ஆய்வாளர் சிலர் 7,392 பொருள்மதிப்பீட்டு வினாக்களை ஓராண்டுக் காலம் தேடிப் பார்த்து 2024-இல் ஆய்வு வெளியிட்டனர். தேடுபொறிகள் யாவும் விற்பனைக்கென்று புனையப்பட்ட பக்கங்களால் அல்லற்படுகின்றன. கூகுளின் மாற்றங்கள் ஓரளவு பயன் தருகின்றன. ஆனால் அப்பயன் பெரும்பாலும் நெடுநாள் நிற்பதில்லை என்பது அவர்கள் கண்ட முடிபு. புடைக்கப் புடைக்கப் பதரும் கனம் கூடிவருகிறது எனலாம்.

தமிழின் நிலை

இனி நமக்குரிய பகுதிக்கு வருவோம். தமிழில் தேடுவார்க்கு இத்தொல்லை மிகுதி. காரணம் மூன்று.

முதற் காரணம், நெல்லின் அளவு. ஆங்கிலத்தில் ஒரு வினாவிற்கு நல்ல பக்கங்கள் நூறு இருந்தால் பதர் அவற்றைத் தாண்டி முன்னே வருதல் கடினம். தமிழில் நல்ல பக்கம் இரண்டே இருக்குமாயின், முதல்வரிசையின் எஞ்சிய இடங்கள் எளிதிற் பதருக்கு ஆகின்றன. பொறி இங்குத் தவறு செய்யவேண்டுவதில்லை. களத்தில் உள்ளதைத்தானே அது அள்ளித் தர இயலும்?

இரண்டாம் காரணம், மொழியின் அமைப்பு. தமிழில் ஒரு பெயர்ச்சொல் வேற்றுமையும் பன்மையும் ஏற்றுப் பல வடிவம் கொள்ளும். வினைச்சொல்லோ இன்னும் மிகுதி. பழம், பழத்தை, பழங்களுக்கு, பழத்தினால் என்பன நமக்கு ஒரே சொல். பகுதியைப் பிரித்தறியாத பொறிக்கு நான்கு சொற்கள். ஒரு சொல் அளவுக்கு மீறித் திணிக்கப்பட்டதா என்று எண்ணுவதற்கே இலக்கணம் வேண்டும். மேலும், கற்கும் பொறிக்கு நெல்லும் பதரும் குறித்த சான்றுகள் ஏராளமாக வேண்டும். சிறு மொழிப்பரப்பில் அவை குறைவு. பழைய தமிழ்ப் பக்கங்கள் பல தனித்தனி எழுத்துரு முறைகளில் எழுதப்பட்டமையால் தேடலுக்கு அகப்படாமலே போயின. அக்குழப்பம் தீர வழிகண்ட முயற்சிகளில் சிங்கப்பூருக்குப் பங்கு உண்டு. முதல் தமிழ் இணைய மாநாடு 1997-இல் இங்கேதான் கூடியது.

மூன்றாம் காரணம், பொறி மொழிபெயர்ப்பு. கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியில் 2011 சூனில் தமிழ் சேர்ந்தது. அதனால் நன்மை பல. ஆயின், ஆங்கிலப் பக்கம் ஒன்றை ஒரே நொடியில் ஐம்பது மொழிகளில் ஆக்கிப் பரப்புதலும் எளிதாயிற்று. ஆங்கிலத்தில் ஒரே சொல் ஆற்றங்கரைக்கும் பணம் போடும் வங்கிக்கும் பொதுவாதலின், இத்தகைய பக்கத்தில் ஆற்றங்கரை 'நதி வங்கி' ஆகிவிடலாம். தமிழறிந்தவர் நகைத்து ஒதுக்குவர். தமிழ் கற்கும் பிள்ளை என் செய்யும்? அமேசான் நிறுவன ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வொன்று, இணையத்தில் குறைந்த அளவே எழுத்துடைய மொழிகளில் பொறி மொழிபெயர்ப்பாய் வந்தவற்றின் பங்கு மிகப் பெரிது என்று காட்டியது. தரங்குன்றிய ஆங்கிலப் பக்கங்களே பல மொழிகளுக்கும் ஒருசேரப் பரவின என்பதும் அவர்கள் கருத்து. திருத்துவார் இன்றிப் பொறியால் மொழிபெயர்த்துக் குவித்தலையும் கூகுள் பதர் என்றே வகுத்துள்ளது. வகுத்தல் எளிது, நல்ல தமிழையும் பொறித் தமிழையும் பிரித்தறிதல் அரிது.

இதில் மற்றொரு கேடும் உளது. இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் இணையத்துத் தமிழைப் படித்தே தமிழ் கற்கின்றன. பதரை விதைத்தால் பதரும் முளைக்காது என்பது உழவர் அறிவு. இங்கோ பதர் முளைக்கிறது. இன்று களையாத பிழை நாளைய பொறியின் வாயிலாகப் பதின்மடங்காய்த் திரும்பி வரும்.

சிங்கப்பூர் கண்ட இழப்பு

மொழிக்கு வரும் கேடு மெல்ல வருவது. பொருளுக்கு வரும் கேடு உடனே தெரிவது. 2022 சனவரியில் சிங்கப்பூர்க் காவல்துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. வங்கியின் தொலைபேசி எண்ணைக் கூகுளில் தேடியவர்கள், மேலே விளம்பரமாகத் தோன்றிய பொய்யான எண்ணை உண்மையென நம்பி அழைத்தனர். முந்திய திங்களாகிய டிசம்பர்முதல் குறைந்தது 15 பேர் மொத்தம் 495,000 வெள்ளி இழந்தனர்.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர்க்கு விளக்குதல் நன்று. தேடலின் முடிவுகள் வேறு. அவற்றின்மேல் விலைகொடுத்து இடம்பெறும் விளம்பரம் வேறு. மேலே கூறிய முறங்கள் எல்லாம் முடிவுகளைப் புடைப்பன. விளம்பரத்திற்கு வேறு வாயில், வேறு காவல். விளம்பரம் என்பதைக் காட்ட இடப்பட்ட குறியைக் காணாதவர் இரண்டையும் ஒன்றாகவே கொள்வர்.

நம் நாட்டுச் சட்டமும் ஓரளவே துணை செய்யும். 2007-இல் இயற்றப்பட்ட ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் மின்னஞ்சலுக்கும் கைப்பேசிக் குறுஞ்செய்திக்கும் உரியது. தேடல் வரிசைக்கு உரியதன்று. 2021 டிசம்பரில் ஓ.சி.பி.சி. வங்கியின் பெயரால் வந்த பொய்க் குறுஞ்செய்திகளால் ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தனர். அதன் பின்னர், அனுப்புநர் பெயரைப் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. 2023 சனவரி 31 முதல் பதிவு பெறாத பெயரில் வரும் குறுஞ்செய்தி 'மோசடியாக இருக்கலாம்' என்னும் குறியோடு வருகிறது. குறுஞ்செய்தியில் அனுப்புநர் சிலர். ஆகவே பதிவேடு இயலும். இணையத்தில் எழுதுவோர் எண்ணிலர்; அங்குப் பதிவேடு இயலாது. ஆதலின் அவ்வடிகட்டுதல் தேடுபொறி நிறுவனத்தின் கையிலேயே நிற்கிறது.

வடிகட்டுபவர்க்கு வடிகட்டி

ஒரு நிறுவனத்தின் கையில் இவ்வளவு பொறுப்பும் இருத்தல் நன்றோ எனும் ஐயம் எழும். பதரென்று நெல்லையும் தள்ளிவிட்டால், அந்நெல் பின்னர் யார் கண்ணிலும் படாது. புடைக்கும் விதிகளை முழுதும் வெளியிட்டால் ஏமாற்றுவோர்க்கு அதுவே கைவிளக்காகும். வெளியிடாவிட்டால் தாழ்த்தப்பட்டவர்க்குக் காரணம் தெரியாது. கையால் தண்டிக்கப்பட்ட தளத்தார் மறுபார்வை வேண்டி விண்ணப்பிக்கலாம். பொறியின் தீர்ப்பால் தாழ்ந்தவர்க்கோ தம்மைத் திருத்திக்கொண்டு காத்திருத்தலே வழி. பிறர்க்கு இடம்விட்ட தளங்களைத் தாழ்த்தும் விதியால் செய்தித்தாள் நிறுவனங்கள் முறையின்றிப் பாதிக்கப்படுகின்றனவா என்பது குறித்து ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பரில் விசாரணை தொடங்கியது. வடிகட்டுபவர்க்கும் ஒரு வடிகட்டி வேண்டும் என்னும் எண்ணம் வலுத்து வருவதற்கு இஃது ஓர் அடையாளமாகும்.

தமிழாசிரியர் செய்யத்தக்கது

போலியைப் பிரித்தறிதல் தமிழ்ப் புலமைக்குப் புதிதன்று. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, பாடவேறுபாடு கண்டு, இடைச்செருகலை ஒதுக்கியே உ. வே. சாமிநாதையர் முதலியோர் பழைய நூல்களை நமக்கு அளித்தனர். கம்பராமாயணப் பதிப்புகள் மிகைப்பாடல்களைத் தனியே பிரித்துக் காட்டுகின்றன. அவர்கள் கேட்ட வினாக்களே இன்றும் பயன்படும். எழுதியவர் யார்? எங்கிருந்து எடுத்தார்? வேறு சுவடி இதனை ஒப்புகிறதா? மொழிநடை காலத்திற்கும் பொருளுக்கும் ஒக்கிறதா? தேடலில் கிடைத்த ஒரு குறள் விளக்கத்தை வகுப்பில் வைத்து இந்நான்கு வினாக்களையும் மாணவரைக் கேட்கச் செய்யலாம். ஆசிரியர் பெயரின்மை, மூலம் காட்டாமை, கூறியது கூறல், தமிழியல்பு பிறழ்ந்த தொடர் என்னும் நான்கையும் அவர்களே கண்டுபிடிப்பர்.

கண்டறிதலோடு நில்லாது ஆக்கமும் வேண்டும். பதரைக் குறைக்க இரண்டு வழி உண்டு: புடைத்தல் ஒன்று, நெல்லைப் பெருக்குதல் மற்றொன்று. முதலாவது கூகுளின் கையில் உள்ளது. இரண்டாவது நம் கையில் உள்ளது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவாக்கிய தொகுப்பு 2015-இல் தேசிய நூலக வாரியத்திடம் சேர்ந்தது. இவை களத்திற் சேர்ந்த நெல். வகுப்பிற்கென்று ஆசிரியர் எழுதும் நல்ல பாடக்குறிப்பு ஒன்றும், பெயரோடும் மூலத்தோடும் இணையத்தில் இடப்பட்டால், அதுவும் நெல்லே.

மற்றொன்றும் செய்யலாம், அதற்குச் செலவும் இல்லை. பள்ளித் தளத்திலும் மன்றத் தளத்திலும் நல்ல தமிழ்ப் பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தல் அது. தமிழ்ப் பரப்பில் தகுதியுடையார் தரும் சான்றுகள் மிகச் சிலவே ஆதலின், அவ்வொவ்வொன்றுக்கும் பொறியின் தராசில் கனம் உண்டு. பொறிக்குப் பனம்பாரனாரைத் தெரியாது. ஆனால் பாயிரம் தருவார் தகுதியுடையவரா என்பதை அதுவும் தன் முறையில் பார்க்கிறது. ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என நன்னூல் எண்ணிய நால்வரும் ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியிலும் இருக்கின்றனர். அவர்கள் நல்லதைச் சுட்டிக் காட்டத் தொடங்குவார்களாயின், துவாசில் கரையேறும் சொற்களில் தமிழ்ச்சொற்கள் பருகத் தக்கனவாகும்.